பாம்புத்தாராவைத் தேடிப் பார்ப்பது எப்படி: வேலூர் வட்டார ஏரிகளுக்கான முழுமையான வழிகாட்டி

வேலூரைச் சுற்றியுள்ள ஏரிகளில் கறுப்பாக எது உட்கார்ந்திருந்தாலும் அதை ‘நீர்க்காக்கா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கூட்டத்திலிருந்து சற்று விலகி, பட்டுப்போன கருவேல மரத்தின் உச்சியில் நீண்ட கழுத்தோடு தனியாக ஒன்று இருக்கும். அதுதான் பாம்புத்தாரா. மீனை அலகால் குத்திப் பிடிக்கும் பறவை. நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், கழுத்து மட்டும் வெளியே தெரியும். நம் ஊர் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார முடிந்தால், அது முழுகி, குத்தி, விழுங்கி, சிறகு காயவைப்பது வரை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எந்த ஏரிக்குப் போவது, எப்போது போவது, எங்கே உட்காருவது, எதைக் கவனிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

தண்ணீர் நிரம்பினால் பறவை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். பாம்புத்தாராவைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி. முழுகி நீந்த அதற்கு ஆழம் வேண்டும். தேடித் தின்ன மீன் வேண்டும். அதோடு, ஏறி உட்காரத் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரமும் வேண்டும். பலரும் மறந்துபோவது இந்த மரத்தைத்தான். ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், சமூகக் காடு வளர்ப்பில் வைத்த கருவேல மரங்கள், ஏரி நிரம்பியதும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். அவற்றில் சில பட்டுப்போய் மொட்டைக் கிளைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குப் பாழடைந்த மாதிரி இருக்கும் அந்தப் பகுதிதான் இந்தப் பறவைக்கு உயிர்நாடி.

பழைய வட ஆர்க்காடு முழுக்க ஏரிகள்தான். 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை உருவாக்கியதால், இப்போது ஒரு காலை நடையிலேயே இரண்டு மாவட்டங்களில் கால் வைக்க நேரலாம். பெரிய ஏரி வேண்டுமென்றால் காவேரிப்பாக்கம். பல்லவர் காலத்து ஏரி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜாவைத் தாண்டி, சென்னை போகும் நெடுஞ்சாலையிலேயே இறங்கிவிடலாம். இந்த ஏரிக்குப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வருகிறது. அதனால் பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம் ஏரியும் கடல் மாதிரி விரியும். 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே கால்வாய் அமைப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளி மகேந்திரவாடி ஏரி இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து எடுத்த விஷ்ணு கோயில் அங்கே உள்ளது. அதன் கல்வெட்டே ஏரியை ‘மகேந்திர தடாகம்’ என்கிறது. பறவை பார்க்கப் போகும் நாளில் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

குடியாத்தம் பக்கத்தவர்களுக்கு மோர்தானா அணை இருக்கிறது. வேலூர் நகரத்தில் இருப்பவர்கள் கோட்டை அகழியிலிருந்து தொடங்கலாம். அங்கே சின்ன நீர்க்காகத்தை மிக அருகில் பார்க்க முடியும். அதை நன்றாகப் பழகிக்கொண்டால் பிறகு பாம்புத்தாராவைப் பிரித்தறிவது சுலபம். ஆனால் பெரிய பெயருள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் ஏரியில் தண்ணீருக்குள் மரம் நின்றால் அங்கேயே தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆகாயத்தாமரை மூடிய ஏரியிலும், சாக்கடை கலந்து கறுத்த குட்டையிலும் இந்தப் பறவையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இது கண்ணால் பார்த்து மீன் பிடிப்பது. தண்ணீருக்குள் ஓரளவாவது வெளிச்சம் இறங்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது நாடறிந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதற்காகவே ஒரு தீர்ப்பு எழுதியது. மீன் செத்த நீரில் மீன்கொத்திக்கும் வேலையில்லை, பாம்புத்தாராவுக்கும் வேலையில்லை.

எந்த மாதம், எந்த நேரம்

நம் பக்கம் ஆடி, ஆவணியிலும் நல்ல மழை உண்டு. ஆனால் ஏரி நிரம்புவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஏரி நிரம்பி வழிந்து கோடி போன செய்தி கேட்டதும் ஓட வேண்டாம். புதுத் தண்ணீர் செம்மண் கலந்து கலங்கியிருக்கும், மீனும் பரவிக் கிடக்கும். மார்கழி பிறந்து தண்ணீர் தெளிந்த பிறகு போங்கள். என் அனுபவத்தில் தையும் மாசியும்தான் உச்சம். நீர் மெல்ல வற்ற வற்ற மீன்கள் நெருங்குகின்றன, பறவைகளும் குவிகின்றன. பங்குனி கடைசியில் ஏரி குட்டையாகும்போது நாரைகளும் கொக்குகளும் இறங்கிவிடும். முழுகுவதற்கு ஆழம் போதாததால் பாம்புத்தாரா அப்போது வேறு நீர்நிலை தேடிப் போய்விடும்.

காலை 6:30 மணிக்குக் கரையில் இருந்தால் நல்லது. இங்கே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பாலாற்றுச் சமவெளியில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால், ஏரிக்கரைகளைப் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கரையில் நீங்கள் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தால் காலை வெயில் முதுகில் விழும், பறவை மேல் நேராக வெளிச்சம் அடிக்கும். மாலையில் அதே இடத்தில் உட்கார்ந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். மலையடிவார ஏரிகளில் கரையின் திசை மாறலாம் என்பதால், போகும் முன் கைபேசி வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

8x42 இருகண்ணோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர்) ஒன்று போதும். நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிழல் கிடையாது, அதனால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். மங்கிய பச்சை, பழுப்பு நிறச் சட்டை போடுங்கள். கேமரா இருந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் முதல் நாளே கேமராக் கண்ணாடி வழியாகப் பார்க்கத் தொடங்கினால் பறவையின் நடத்தை பாதி தவறிப்போகும். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

நீர்க்காகத்திலிருந்து பிரித்தறிவது

நம் ஏரிகளில் சின்ன நீர்க்காகம், கொண்டை நீர்க்காகம், பெரிய நீர்க்காகம் மூன்றையும் பார்க்கலாம். அதிகம் தென்படுவது சின்னது, சுமார் 50 செ.மீ. நீளம். பாம்புத்தாரா 85 முதல் 97 செ.மீ. வரை இருக்கும். ஆனால் தூரத்தில் அளவை நம்ப முடியாது. பெரிய நீர்க்காகமும் ஏறக்குறைய அதே நீளம்தான்.

முதலில் அலகைப் பாருங்கள். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். மீனைக் கவ்விப் பிடிப்பதற்கான அமைப்பு அது. பாம்புத்தாராவின் அலகு நேராக, நீளமாக, நுனி கூர்ந்து குத்தூசி மாதிரி இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் தலைக்கும் கழுத்துக்கும் பருமனில் வித்தியாசமே தெரியாது; கழுத்து அப்படியே தலையாகி, தலை அப்படியே அலகாகிக் கூர்ந்து முடியும்.

அடுத்து கழுத்து. பழுப்பு நிறம். கண்ணுக்குக் கீழிருந்து கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்து நடுவில் மடிந்தே இருக்கும். அந்த மடிப்பை நினைவில் வையுங்கள், மீன் பிடிக்கும் இடத்தில் மறுபடி வரும்.

மூன்றாவது முதுகு. உடம்பு கறுப்பு. தோள்பட்டையிலும் சிறகின் மேற்பகுதியிலும் வெள்ளிக் கம்பி இழைத்தது போல நீண்ட கோடுகள் ஓடும். இளம் பறவைக்கு இந்தக் கோடுகள் தெளிவாக இருக்காது; உடம்பு வெளிறிய பழுப்பாக இருக்கும். அந்த நிலையிலும் அலகு காட்டிக்கொடுத்துவிடும். ஆண், பெண் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், கரையிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

பறக்கும்போது நீர்க்காகம் கழுத்தை நீட்டி, விடாமல் சிறகடித்துக்கொண்டே போகும். பாம்புத்தாரா சில முறை சிறகடித்து, பிறகு மிதந்து, மறுபடி சிறகடிக்கும். பின்னால் நீண்ட வால் விசிறி போல விரிந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு சூடான காற்றில் வட்டமிட்டு மேலே போவதும் உண்டு. அந்த உயரத்தில் வாலையும், மடிந்த கழுத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேட்டையைப் பார்ப்பது

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவை மேலேயே கண்ணை வைத்திருங்கள். வேட்டைக்கு இறங்கும்போது ஆரவாரம் இருக்காது. கிளையிலிருந்து நழுவி விழுந்த மாதிரி தண்ணீருக்குள் போகும், அலைகூட அதிகம் எழாது. சிறிது நேரம் எதுவும் தெரியாது. பிறகு வேறொரு இடத்தில் கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, இப்படியும் அப்படியும் அசைந்தபடி நகரும். முதன்முதலில் பார்ப்பவர்கள் தண்ணீர்ப் பாம்பு என்றுதான் நினைப்பார்கள். ஏரியில் வலை போடும் ஒரு அண்ணனிடம் கேட்டபோது அவர் இப்படிச் சொன்னார்: “தலைய மட்டும் நீட்டிக்கினு போவுதே, அத்தாங்க. அது மீனக் கவ்வாது, குத்தித்தான் எடுக்கும். வலையில மாட்டுற ஜிலேபி மீனுக்கு சில சமயம் பக்கவாட்டுல ஓட்டை இருக்கும் பாருங்க, தப்பிச்சு வந்தது.”

வாத்து மிதக்கிறது, இது ஏன் அமிழ்கிறது? வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது, இறகுகளுக்கிடையே காற்று தங்கும், அதனால் அது மிதக்கும். பாம்புத்தாராவின் இறகு நனைந்துவிடும். தங்கியிருக்கும் காற்று வெளியேறி, உடம்பு கனத்து, பறவை சிரமமில்லாமல் நீருக்குள் இறங்கி நிற்கும். இதனால் மீனை விரட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நீர்க்காகம் துரத்திப் பிடிப்பது. பாம்புத்தாரா பதுங்கிப் பிடிப்பது. நீருக்கடியில் மெதுவாக நகர்ந்து, சில சமயம் சிறகை லேசாக விரித்தபடி, மீன் அலகுக்கு எட்டும் தூரம் வரும்வரை காத்திருக்கும். அதன் நான்கு விரல்களும் ஒரே ஜவ்வால் இணைந்திருப்பதால் சின்ன அசைவிலேயே திரும்பிக்கொள்ளும்.

குத்துவதற்குத்தான் அந்தக் கழுத்து மடிப்பு. அதன் 8ஆம் கழுத்தெலும்பு இருக்கும் இடத்தில் மூட்டும் தசையும் தனி விதமாக அமைந்து, கழுத்து நிரந்தரமாக மடிந்து நிற்கிறது. தசை இழுத்ததும் அந்த மடிப்பு விடுபட்டு, அலகு நேராகப் பாய்ந்து மீனின் விலாவில் ஏறும். தண்ணீருக்குள் நடக்கும் இதை நாம் பார்க்க முடியாது. பார்க்கக் கிடைப்பது அடுத்த காட்சி.

கழுத்து மேலே வரும்போது அலகில் மீன் கோர்த்திருக்கும். கையளவு ஜிலேபிக் கெண்டை என்று வையுங்கள். துடித்து, முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு இருக்கும். பறவை தலையை இரண்டு மூன்று முறை உதறும். மீன் எளிதில் கழலாது, ஏனென்றால் அலகின் விளிம்பில் பின்னோக்கிய நுண்ணிய பற்கள் மாதிரியான அரம் உண்டு. மறுபடி உதறி, மீனை மேலே எறிந்து, தலைப்பக்கம் முதலில் வரும்படி வாயைத் திறந்து பிடிக்கும். தலை முதலில் போனால்தான் முள் மடங்கி வழிவிடும். தவறினால் மீன் தண்ணீரில் விழும், உடனே முழுகும். சரியாக விழுந்ததும் அந்த மெல்லிய கழுத்து மீனின் அகலத்துக்கு உப்பி, உப்பல் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கும். இருகண்ணோக்கியில் அந்த இறக்கத்தை முழுசாகப் பார்த்துவிடுங்கள். இவ்வளவு ஒல்லியான கழுத்துக்குள் அது எப்படிப் போகிறது என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

பெரிய மீனாக இருந்தால் கரையிலோ மரத்தின் அடியிலோ எடுத்துப்போய் அடித்துக் கழற்றும். அப்போது பருந்து ஏதாவது வட்டமிடுகிறதா என்று மேலேயும் ஒரு கண் வையுங்கள்.

சிறகு காயவைக்கும் நேரம்

நனைந்த உடம்போடு தண்ணீரிலிருந்து எழும்புவது அதற்குப் பெரும்பாடு. அதனால் நீருக்குள் நிற்கும் மரத்தின் தாழ்ந்த கிளையைப் பற்றி, அலகாலும் காலாலும் தொற்றி ஏறும். உச்சிக்கு வந்து சிறகு இரண்டையும் அகல விரித்து, வாலையும் விரித்து, அசையாமல் நிற்கும். இறகு உலர்வதற்கு மட்டுமில்லை. நனையும் இறகு உடம்புச் சூட்டையும் விடுவதால், குளிர்ந்த தண்ணீரில் இழந்த சூட்டை வெயிலிலிருந்து திரும்பப் பெறுகிறது. முதுகை வெயிலுக்குக் காட்டி நிற்பதன் காரணம் இதுதான். கிழக்குக் கரையில் காலையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், அந்த முதுகும் வெள்ளிக் கோடுகளும் உங்கள் பக்கமே திரும்பியிருக்கும். அடையாளம் காணவும் படம் எடுக்கவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இந்த நேரத்தில் கிட்டே போகாதீர்கள். பயந்தால் பறக்காமல் கிளையிலிருந்து தண்ணீருக்குள் விழுந்து, எங்கோ தள்ளிப்போய் கழுத்தைத் தூக்கும். காய்ந்த இறகு மறுபடி நனையும், சேர்த்த சூடு வீணாகும். இறகு உதிர்க்கும் பருவத்தில் நிலைமை இன்னும் மோசம். பறப்பதற்கான இறகுகளைப் பாம்புத்தாரா ஒட்டுமொத்தமாக உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கிறது. புதியவை வளரும்வரை அதால் பறக்க முடியாது, தண்ணீர்தான் ஒரே அடைக்கலம். பரிசலில் பின்தொடர்ந்து படம் எடுப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கூடு கட்டும் காலம்

வடகிழக்குப் பருவமழைக்குப் பின், தண்ணீர் சூழ்ந்த மரங்களில் கொக்கு, வக்கா, நீர்க்காகம், வெள்ளை அரிவாள் மூக்கன் இவற்றோடு கலந்து கூடு வைக்கும். சுள்ளியால் ஆன மேடை. வெளிர்நீலப் பச்சையில் சுண்ணாம்புப் பூச்சு படிந்த முட்டைகள், வழக்கமாக 3 அல்லது 4. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுகள் வெள்ளைத் தூவியோடு இருக்கும். பெற்றோரின் தொண்டைக்குள் தலையை விட்டு உணவு எடுக்கும். பொதுவாகச் சத்தமே போடாத பறவை, கூட்டருகே மட்டும் ‘சிகி சிகி’ என்று குரல் கொடுக்கும்.

நம் பக்கம் கூடு தென்பட்டால் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கூட்டம் கூட்டமாகக் கூடு வைப்பதை நிதானமாகப் பார்க்க ஆசைப்பட்டால் வேடந்தாங்கல் போங்கள். அங்கே மேடையிலிருந்து பார்க்கலாம், பறவைக்குத் தொந்தரவில்லை. 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்கிய கிராமம் அது. ஏரிக்குள் மரம் நின்றால் என்ன நடக்கும் என்பதை அங்கே நேரில் பார்த்துவிட்டு வந்தால், உள்வாய்க் கருவேல மரங்களை ஒன்றுவிடாமல் ஏலம் விட்டு வெட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும். உங்கள் ஊர் ஏரியில் மரம் வெட்டும் ஏலப் பேச்சு வந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: ஆழமான பகுதியில் நிற்கும் மரங்களையும், பட்டுப்போனவற்றையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பட்ட மரம் விறகுக்கு அதிக விலை போகாது, அதனால் இந்தக் கோரிக்கைக்கு ஊரில் எதிர்ப்பு குறைவாகவே இருக்கும்.

குறித்து வைப்பது

தேதி, நேரம், ஏரியின் பெயர், நீர்மட்டம், எத்தனை பறவை, அதில் இளம் பறவை எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லாத நாளையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிந்தால் நாடு முழுக்க உள்ளவர்களுக்குப் பயன்படும். ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் விடுமுறையின்போது நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் ஏரியையும் சேருங்கள். பெரிய ஏரிகளுக்குப் போக ஆளுண்டு. சின்ன ஏரிகள்தான் பதிவில்லாமல் கிடக்கின்றன.

வலையில் சிக்கிய பறவையைக் கண்டால்

நைலான் செவுள் வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. அடியில் பதுங்கி நகரும் பறவை அதில் மாட்டுவது இயல்பு. நீங்களாக நீரில் இறங்காதீர்கள், வலைக்காரரைக் கூப்பிடுங்கள். அவருக்கும் வலை கிழியாமல் பறவை போனால் நல்லதுதான். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவையைப் பிடிப்பதையும் முட்டை எடுப்பதையும் தடுக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார்.

பறவை கரைக்கு வந்ததும் முதலில் அலகிடம் ஜாக்கிரதை. கண்ணைக் குறிவைத்துக் குத்தும், அந்தக் கழுத்து எவ்வளவு தூரம் நீளும் என்பதை நம்மால் கணிக்க முடியாது. ஒரு துண்டைத் தலைமேல் போட்டு மூடுங்கள், இருட்டானதும் அடங்கிவிடும். ஒருவர் துண்டோடு சேர்த்து, தாடைக்குப் பின்னால் தலையை மெதுவாகப் பிடிக்க, இன்னொருவர் சிறிய கத்தரியால் நூலை வெட்ட வேண்டும். அலகை நூல் கட்டி மூடிவிடாதீர்கள். அது வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. இழுத்துக் கழற்றவும் வேண்டாம், இறகு முறியும். சிறகில் ரத்தமோ முறிவோ தெரிந்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். காயமில்லை என்றால் தண்ணீர் ஓரத்தில், மரம் நிற்கும் பக்கமாக முகம் காட்டி விட்டுவிடுங்கள். விடும் முன் இரண்டு கால்களின் ஜவ்வையும் விரித்து ஒருமுறை பாருங்கள். மெல்லிய நூல் பெரும்பாலும் அங்கேதான் சுற்றிக்கொண்டு மிஞ்சியிருக்கும்.